ஒரு வண்டிக்கு ஒரு கட்டணம்

சின்னதுக்கு ஐம்பத்தொரு வயது. ஆறு வயது மூத்த அக்கா வைத்த பெயர் அது. அம்மா, அப்பா போன பிறகு அப்படிக் கூப்பிட உலகத்தில் அக்கா ஒருத்திதான் பாக்கி.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துவது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருபது ஜோடி. முன்பக்கம் வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருக்க, இவள் பின்னால் குண்டூசித் தலை அளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் பிசகினாலும் யாருக்கோ தலைவலி வரும் என்பதால் எதையும் உற்றுப் பார்த்தே பழகியவள். பார்க்க வேண்டாததையும் உற்றுப் பார்ப்பாள் என்று அவள் கணவன் சொல்வான்.

வாரம் முழுக்க அவள் காத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு. ஊரைத் தாண்டி வடக்கே ஒரு பொதுக் காடு. பதினோரு வருஷமாக அக்காவும் அவளும் ஊரின் இரண்டு கோடிகளிலிருந்து அவரவர் காரில் வந்து, மரங்களுக்கு நடுவே இருந்த மண்தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் நடப்பார்கள். அத்தானின் சர்க்கரை, பிள்ளைகளின் சம்பளம், சின்ன வயதில் யார் யாரை அடித்தார்கள் என்று பேச்சு ஓடும். பேச்சு இல்லாமலும் நடப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அக்கா யாருக்கும் மனைவி இல்லை, யாருக்கும் அம்மா இல்லை. சின்னதுக்கு மட்டும் அக்கா.

அங்கே கார் நிறுத்த அதுவரை யாரும் காசு கேட்டதில்லை. ஒரு ஞாயிறு போனபோது மண்தரையில் சரளை கொட்டி, வெள்ளைக் கோடு போட்டு, மூலையில் ஆள் உயர இயந்திரம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் பலகை. பாதைகளைச் செப்பனிடவும் குப்பை அள்ளவும் பணம் வேண்டியிருப்பதால் அடுத்த மாதம் முதல் வாகனம் நிறுத்தக் கட்டணம். வருஷச் சீட்டு வாங்கினால் சலுகை. சீட்டு முன்கண்ணாடி வழியாகக் கண்ணில் படாவிட்டால் அபராதம்.

நாயோடு வந்த ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, “இனிமே மூச்சு விட்டாலும் ரசீது குடுப்பானுங்க” என்று சொல்லிப் போனார். சிலர் ஒத்திகை போல அன்றே காரைத் திருப்பிக்கொண்டு போய்ச் சாலையோரம் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் சாலையோரத்தில் பெரிய பெரிய கற்களை உருட்டிப் போட்டிருந்தார்கள்.

சும்மா கிடைத்துவந்த ஒன்றுக்குக் காசு கொடுப்பதென்றால் அக்காவுக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. பலகையை இரண்டு தடவை படித்தாள்.

“வண்டிக்குத்தானே காசு? தலைக்கு இல்லையே. எதுக்கு ரெண்டு வண்டி?”

சின்னதுக்கு மனசு குளிர்ந்தது. இனி அக்காவை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ளலாம். போகும்போது இருபது நிமிஷம், வரும்போது இருபது நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும். அன்று சாயங்காலமே காரின் முன் இருக்கையில் கிடந்த குடை, பழைய பைகளை எல்லாம் எடுத்துப் போட்டு, துடைத்து வைத்தாள்.

புதன்கிழமை அக்கா போன் செய்தாள்.

“பிரச்சினை தீந்துச்சு. அண்ணி வருஷச் சீட்டு வாங்கிட்டாங்க. டாக்டர் அவங்களையும் நடக்கச் சொல்லியிருக்காராம். அவங்க கார்லயே மூணு பேரும் போயிடலாம். நமக்கு ஒரு பைசா செலவில்ல.”

அண்ணி என்றது அத்தானின் அக்காவை. அறுபது வயது, தனி ஆள், அக்காவின் தெருவிலேயே குடியிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில் என்பதால் ஊரே அவளை டீச்சர் என்றுதான் சொல்லும். கார் கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை. பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக். சின்னது மூன்று முறை முன்னும் பின்னும் போய்க் கோணலாகச் சொருகுகிற இடத்தில், டீச்சர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே வீச்சில் நிறுத்திவிடுவாள்.

“ஏன் பேசாம இருக்க?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல. நல்லதுதான்.”

அந்த ஞாயிறு டீச்சரின் கார் சின்னதின் வாசலுக்கு வந்தபோது அக்கா ஏற்கெனவே முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலில் அக்காவை ஏற்றிக்கொண்டு வருவதால் அது இயல்புதான். சின்னது பின்கதவைத் திறந்து ஏறினாள். கார் ஓடுகிற இரைச்சலில் முன்னால் பேசுவது பின்னால் பாதிதான் கேட்டது. “அதைச் சொல்றீங்களா?” என்பாள் அக்கா. டீச்சர் சிரிப்பாள். எதைச் சொன்னார்கள் என்று இவள் எம்பிக் கேட்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

காட்டுக்குள் இன்னும் மோசம். பாதை இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கிற அகலம். மூன்றாவது ஆள் பின்னால்தான் வரவேண்டும். டீச்சருக்குக் கால் நீளம், அக்கா அவளுக்கு ஈடு கொடுத்து நடந்தாள். பதினோரு வருஷமாகத் தன்னோடு மெதுவாக நடந்த அக்காவுக்கு இவ்வளவு வேகம் உண்டு என்பதே சின்னதுக்கு அன்றுதான் தெரியும். இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் நடந்தாள். திரும்பும் வழியில் டீச்சர் நின்று திரும்பிப் பார்த்து, “சின்னது, கால் வலிக்குதா?” என்றாள்.

சின்னதின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தப் பெயரை இவளுக்கு யார் கொடுத்தார்கள்?

வீட்டுக்கு வந்து செருப்பை உதறிய விதத்திலேயே கணவனுக்குப் புரிந்துவிட்டது.

“காதுல புகை வருது” என்றான்.

“யாருக்கு? எனக்கா? எனக்கென்ன வந்துச்சு.”

“பின்ன அடுப்புல ஒண்ணும் இல்லையே, வாசம் எங்கேருந்து வருதுன்னு பார்த்தேன்.”

அடுத்தடுத்த வாரங்களில் அவள் கணக்காகக் கவனித்தாள். அக்கா டீச்சருக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்திருந்தாள். சின்னதுக்குக் கடைசியாகப் பின்னிக் கொடுத்தது நான்கு வருஷத்துக்கு முன்னால். டீச்சர் ஏதாவது சொன்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னது அதையே சொன்னால் “ம்” என்றாள். ஒரு தடவை, தாங்க மாட்டாமல், தன் காரிலேயே தனியாகப் போய் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“பைத்தியமா உனக்கு? காசை ஏன் கரியாக்குற?” என்றாள் அக்கா. மறுவாரம் முதல் மறுபடியும் பின் இருக்கை.

அப்படித் திரும்பி வந்த ஒரு ஞாயிறுதான் அது நடந்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. டீச்சர் மிதிப்பதற்கு முன்னால் அக்கா அலறிக்கொண்டு தன் காலுக்குக் கீழே இருந்த பிரேக்கை மிதித்துவிட்டாள். கார் முன்னால் குனிந்து, பின்னுக்குக் குலுங்கி நின்றது. முன்கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்த வருஷச் சீட்டு எகிறி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே சரிந்து, சின்னதின் காலடியில் வந்து விழுந்தது.

“ஐயோ அண்ணி, என்னை மன்னிச்சுடுங்க!”

“முப்பது வருஷத்துல எந்த மாணவியும் இவ்வளவு நல்லா மிதிச்சதில்ல. உனக்கு இன்னைக்கே லைசென்ஸ்!”

சின்னது குனிந்து சீட்டை எடுத்தாள். இந்தாங்க என்று நீட்டத்தான் போனாள். அப்போது டீச்சர் உள்கண்ணாடியில் பார்த்து, “பின்னாடி ஒரு ஆள் இருந்தாங்களே, உயிரோட இருக்கீங்களா?” என்றாள். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சின்னது கையை இழுத்துக்கொண்டாள். சீட்டு கைப்பைக்குள் போய்விட்டது.

வீட்டில் அதை மேசை இழுப்பறையில் போட்டாள். நாளை கொடுத்துவிடலாம் என்று திங்கட்கிழமை நினைத்தாள், செவ்வாயும் நினைத்தாள். வியாழனுக்கு மேல் நினைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. டீச்சர் வழக்கம்போல் ஒரே வீச்சில் நிறுத்திவிட்டு, ஏதோ கதையின் நடுவில் இருந்ததால் கண்ணாடியைப் பார்க்காமலே கதவைச் சாத்தினாள். சரளைத் தரையின் மறு கோடியில் பச்சைச் சட்டை போட்ட பரிசோதகர் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். சின்னது அவரைப் பார்த்தாள். அக்காவின் முதுகுக்குப் பின்னால் பேசாமல் நடந்தாள்.

திரும்பி வந்தபோது கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் மஞ்சள் தாள்.

“நான் வச்சேனே! இங்கதானே செருகி வச்சேன்!” டீச்சர் இருக்கைகளை முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள், தரை விரிப்பை எடுத்து உதறினாள். அக்கா டார்ச் அடித்தாள். சின்னதும் முட்டி போட்டுக் குனிந்து தேடினாள். தேடுகிற கை தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

முன் இருக்கைக்காரர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. அபராதத்தைப் பற்றிப் பேச அக்காவும் டீச்சரும் செவ்வாய்க்கிழமை சேர்ந்தே வன அலுவலகத்துக்குப் போனார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். சீட்டு வாங்கியது பதிவில் இருந்தாலும் வைக்காதது தப்புதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். கட்டிவிட்டு வெளியே வந்து, சேர்ந்து சாப்பிட்டு, கடைவீதியில் ஆளுக்கு ஒரு ஜோடி நடைச்செருப்பு வாங்கிக்கொண்டார்கள். ஒரே நிறம்.

“அந்த ஆபீசரை அண்ணி பேசிக் காட்டினதை நீ கேட்டிருக்கணும்! சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு” என்றாள் அக்கா போனில்.

சின்னதுக்கும் வயிறு எரிந்தது. அவர்களைப் பிரிக்கப் போய், தன் கையாலேயே அவர்களுக்கு ஒரு நாளைப் பரிசாகக் கொடுத்திருக்கிறாள்.

பத்து நாள் கழித்து டீச்சர் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். சின்னதைப் பார்க்க அல்ல, கண் பரிசோதனைக்கு. அரை மணி நேரம் கழித்துக் கண் பரிசோதகர் பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, “உங்க சொந்தக்காரங்களுக்கு கண் அருமையா இருக்கு. படிக்கிற கண்ணாடி மட்டும் பழைய பவர்லயே புதுசா போட்டுக் குடுங்க” என்று அளவு எழுதிய தாளைக் கொடுத்தார். சின்னது எட்டிப் பார்த்தாள். நல்ல செய்தி கேட்டவள் போல டீச்சர் இல்லை. நாற்காலியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விவரம் அன்றிரவு அக்கா போனில் சொன்னபோதுதான் தெரிந்தது.

“சீட்டைக் காணாததுக்குக் கண்ணுல கோளாறுதான் காரணம்னா தேவலைன்னு நினைச்சாங்களாம். இல்லன்னதும் பயந்துட்டாங்க. அவங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். முதல்ல சாவி. அப்புறம் பர்ஸ். கடைசில பெத்த பொண்ணையே யாருன்னு கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா? போன வாரம் ஒரு மாணவியைப் பேர் மாத்திக் கூப்பிட்டுட்டாங்களாம், குடையை எங்கயோ விட்டுட்டாங்களாம். எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. இன்னைக்கு வகுப்பை எல்லாம் நிறுத்திட்டாங்க சின்னது. மறதிக்காரி கையில உயிரைக் குடுக்கக்கூடாதுன்னு சொல்லி கார் சாவியைக் கொண்டுவந்து என்கிட்ட குடுத்துட்டாங்க.”

சின்னது சரி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் கடையில் அந்தப் படிக்கிற கண்ணாடி அவள் மேசைக்கே வந்தது. லென்ஸைத் தேய்த்தாள். விளிம்பு சில்லு பெயர்ந்து உடைந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் உடைந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரே நாளில் இரண்டு லென்ஸ் உடைத்ததில்லை அவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னது சீட்டை மடித்த துணிகளின் மேல் வைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

“எங்க கிடைச்சுது?”

“கிடைக்கல. எடுத்தேன். நீ பிரேக் மிதிச்ச அன்னைக்கு.”

“ஏன்?”

“நீ அவங்க கூடவே சிரிக்கிற.”

ஐம்பத்தொரு வயதுக்காரி சொல்கிற காரணமா இது என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அக்கா கையை ஓங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. முகம் மட்டும் கல்லாகிவிட்டது.

“ரெண்டு வாரமா அந்த மனுஷி தூங்கல. சீட்டு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் முட்டி போட்டுத் தேடின.” கார் சாவியை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தாள். “நான் வரமாட்டேன். நீயே போய்ச் சொல்லு.”

டீச்சரின் வீடு நாலு வீடு தள்ளி. அந்த நாலு வீட்டைக் கடக்க ஒரு யுகம் ஆனது. டீச்சர் கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேசையில் அந்த நோட்டு விரிந்து கிடந்தது. சின்னது உட்காராமலே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பச்சைச் சட்டைக்காரரைப் பார்த்ததையும் சொன்னாள்.

டீச்சர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் தன் கார் எண்ணை விரலால் தடவினாள். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, “அப்போ நான் மறக்கல” என்றாள். “நான் வச்சேன். நான் மறக்கல.” கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவ்வளவு நிம்மதியை ஒரு முகத்தில் சின்னது பார்த்ததே இல்லை.

அது அடங்கியது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கம்மா செத்தப்போகூட நான் இவ்வளவு பயப்படல. இப்போ நீ கிளம்பு. உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கல.”

சின்னது கிளம்பினாள்.

டீச்சர் மறுநாளே வகுப்பைத் தொடங்கிவிட்டாள். அக்கா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு போனில் பேசியபோதும் முதலில் நன்றாகத் திட்டித் தீர்த்தாள். திட்டு முழுவதையும் சின்னது காதோடு போனை அழுத்திக்கொண்டு கேட்டாள். வெட்கம்தான். ஆனாலும் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு மூலையில் வேறொன்று இருந்தது. அக்கா இந்த மாதிரித் திட்டுவது தன்னை மட்டும்தான். டீச்சரிடம் மரியாதை பார்த்துத்தான் பேசுவாள். இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் அக்காவே ஏற்பாடு செய்தாள். ஒரு ஞாயிறு டீச்சரோடு, மறு ஞாயிறு சின்னதோடு. தன் முறை வரும்போது சின்னது அக்காவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய், இயந்திரத்தில் முணுமுணுக்காமல் காசு போட்டு, சீட்டை முன்கண்ணாடியில் நேராக வைத்து, வெளியே இறங்கி நின்று தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டே நடப்பாள். அக்கா பழைய மாதிரி மெதுவாக நடந்தாள். முறை இல்லாத ஞாயிறுகளில் சின்னது வீட்டுச் சன்னல்களைத் துடைத்தாள். எட்டு மணிக்கு இப்போது கார் நிறுத்தியிருப்பார்கள், ஒன்பது மணிக்கு ஓடைப் பாலம் தாண்டியிருப்பார்கள் என்று மனசு கடிகாரம் பார்த்துக்கொண்டே இருக்கும். அவள் கணவன் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “அந்தக் கண்ணாடி தேய்ஞ்சே போயிடும்” என்பான்.

அப்படி ஒரு ஞாயிறு காலை ஏழரைக்குப் போன் அடித்தது. டீச்சர்.

“உங்க அக்காவுக்குக் காய்ச்சல். வரலைன்னுட்டா. தனியா நடக்க எனக்குப் பிடிக்கல. வர்றதுன்னா வா.”

கெஞ்சலும் இல்லை, அழைப்பும் இல்லை. வகுப்புக்கு நேரம் சொல்கிற குரல். சின்னது செருப்பைத் தேடினாள்.

காட்டில் கால் மணி நேரம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் வாயைத் திறந்தது டீச்சர்தான்.

“ஒண்ணு கேக்கணும். உங்க அக்கா சின்ன வயசுலயும் இப்படித்தானா? நாம ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா முடிக்கவே விடமாட்டாளே.”

“முடிக்கிறதா? மூணாவது வார்த்தையில அவ கதை ஆரம்பிச்சுடும்.”

“எந்தப் பாதையில போலாம்னு என்கிட்ட கேப்பா. நான் சொன்னதும், சரி, ஆனா இதுல போவோம்னு வேற பாதையில இறங்கிடுவா.”

“செருப்பு எந்த நிறம் வேணும்னும் கேட்டிருப்பாளே?”

டீச்சர் நின்றுவிட்டாள். “எனக்கு நீலம் பிடிச்சிருந்துச்சு” என்றாள்.

அதற்குப் பிறகு இருவரும் நிறுத்தவில்லை. அக்கா கஞ்சத்தனமாக இருப்பது, சமையலைக் குறை சொல்வது, உடம்பு சரியில்லை என்றால் ஊரையே கூட்டுவது. இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கிற பாதையில் இரண்டு மணி நேரம் அக்காவைத் துவைத்துக் காயப்போட்டார்கள். நடுவில் ஒரு தடவை டீச்சர் நடையைக் குறைத்து, “நான் உன்னை இன்னும் மன்னிக்கல. தெரிஞ்சுக்கோ” என்றாள். “தெரியும்” என்றாள் சின்னது. அப்படியே பேச்சு தொடர்ந்தது.

திரும்பும் வழியில் அக்காவைப் பார்க்கப் போனார்கள். டீச்சர் மருந்துக் கடையில் இறங்கிக்கொள்ள, சின்னது மட்டும் முதலில் உள்ளே போனாள். அக்கா போர்வைக்குள் கிடந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“அண்ணி கூடவா போன?”

“ம்.”

“சண்டை போட்டீங்களா?”

“இல்லையே. நல்லா சிரிச்சோம்.”

அக்கா தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“சிரிச்சீங்களா? எதுக்கு?”

“சும்மா. உனக்குச் சொன்னா புரியாது.”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையை இழுத்துத் தோள் வரை மூடிக்கொண்டு, “அடுத்த வாரம் எனக்குச் சரியாயிடும். மூணு பேருமாவே போவோம்” என்றாள்.